எலெக்ட்ரிக் கார் வாங்கும் முன் எர்த் குழியைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் காரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நொடியில் நூறைத் தொடும், உள்ளே திரை எவ்வளவு பெரிசு. நான் சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன், என் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை, கூடவே வீட்டு வயரிங் வேலையும் எடுத்துச் செய்கிறோம். கார் புக் பண்ணி, டெலிவரி தேதியும் சொல்லியாகிவிட்ட பிறகு, "அண்ணாச்சி, ஒரு பிளக் பாயிண்ட் போடணும், பையன அனுப்பி வைங்க" என்று போன் பண்ணுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். ஒரு பாயிண்ட்தானே என்ற நினைப்பில்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் வேலை மீட்டர் பெட்டி வரைக்கும் போகும், சில வீட்டில் தெருக் கம்பம் வரைக்கும் போகும்.

நான் பெட்ரோல் கட்சி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு யாருக்கும் புரியும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற கார், பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது, ஆக கிலோமீட்டருக்கு ஆறரை, ஏழு ரூபாய். எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட் கரண்டில் ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடும். வீட்டில் யூனிட் 9 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் தேயாது. இந்தக் கணக்கில் எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் இந்த ஒன்றரை ரூபாய் வீட்டுச் சுவரில் சார்ஜ் போடுகிறவனுக்கு மட்டும்தான். வெளியே போய்ப் போட்டால் பல இடங்களில் யூனிட் இருபது ரூபாய்க்கு மேல், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. அப்போது கிலோமீட்டருக்கு மூன்றரை, நாலு என்று வந்துவிடும், பெட்ரோலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் எலெக்ட்ரிக் கார் லாபமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்பதுதான்.

ஸ்கூட்டருக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் செய்து இங்கே தள்ளுகிறார்கள், வண்ணாரப்பேட்டை சிக்னலில் நின்றால் சத்தமில்லாமல் வந்து நிற்கிற வண்டிகள் எவ்வளவு என்று பார்க்கலாம். அதன் பேட்டரி மூன்று யூனிட், நாலு யூனிட். சாதாரண பிளக்கில் சொருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும், சாப்பாட்டு அறை வரைக்கும்கூட உருட்டிக்கொண்டு வந்துவிடலாம். அந்தப் பழக்கத்தில்தான் காரையும் நினைக்கிறார்கள். கார் பேட்டரி 30 யூனிட், 40 யூனிட், பெரிய வண்டி என்றால் அதற்கும் மேலே.

பெட்ரோல் எவ்வளவு கெட்டிக்காரச் சரக்கு என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய ஒன்பது யூனிட் சக்தி இருக்கிறது. பங்கில் நிமிஷத்துக்கு முப்பது லிட்டர் ஊற்றினால், அந்த ஒரு குழாயில் 16 மெகாவாட் வேகத்தில் சக்தி இறங்குகிறது என்று அர்த்தம். அறுபது குழாய் ஒரே நேரத்தில் ஊற்றினால் கூடங்குளத்தின் 1000 மெகாவாட் உலை ஒன்றுக்குச் சமம். எஞ்சின் அதில் முக்கால் பங்கைச் சூடாக்கி வீணடிக்கிறது, மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை, அதனால் எலெக்ட்ரிக் காருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டுச் சுவரில் இருக்கிற 15 ஆம்ப் பிளக் கொடுப்பது மூன்று கிலோவாட், அதாவது மணிக்கு மூன்று யூனிட். காலியான 40 யூனிட் பேட்டரியை அதில் நிரப்ப பதினாலு, பதினைந்து மணி நேரம் ஆகும்.

இங்கே பலர் பயந்துபோய் சுவரில் மாட்டுகிற 7 கிலோவாட் சார்ஜர் பெட்டிதான் வேண்டும் என்று நிற்பார்கள். தேவையே இல்லை என்பேன், இதில் எனக்கு வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை. பெருமாள்புரத்திலிருந்து ஜங்ஷனுக்கு ஆபீஸ் போய்விட்டு வருகிறவர், பிள்ளையை டியூஷனுக்கு விட்டுக் கூட்டிவந்தாலும், ஒரு நாளில் 40 கிலோமீட்டர் தாண்ட மாட்டார். அதற்கு ஆறு, ஏழு யூனிட் போதும். மூன்று கிலோவாட்டில் இரண்டரை மணி நேரம். பக்கத்து வீட்டில் பெரிய பெட்டி மாட்டியிருக்கிறார்கள் என்பதற்காக நாமும் மாட்டினால் வயரும் பெரிசு, லோடு மீறினால் தானாக அணைகிற எம்சிபியும் பெரிசு, ஈபியில் லோடு கூட்ட மனுவும் போட வேண்டும், பல வீட்டில் சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்ற வேண்டும்.

சரி, மூன்று கிலோவாட் என்றே முடிவாகட்டும். கீஸருக்குப் போட்ட அதே 15 ஆம்ப் பிளக்கில் சொருகிவிடலாமா? கீஸர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் அதே ஆம்பை விடாமல் மணிக்கணக்கில் இழுக்கும். வீடு கட்டின காலத்தில் காசு மிச்சம் பிடிக்க ஒன்றரை ஸ்கொயர் மெல்லிய வயரை இழுத்துவிட்டுப் போன வீடுகள் இருக்கின்றன. அதில் காரைப் போட்டால் முதல் வாரத்திலேயே பிளக் மூஞ்சி மஞ்சளாகும், அப்புறம் கருகும், ஒரு நாள் நாற்றம் வரும். மெயின் போர்டிலிருந்து போர்டிகோவுக்குத் தனியாக நாலு ஸ்கொயர் காப்பர் வயர், தனி எம்சிபி, கசிவு வந்தால் கீழே தட்டிவிடுகிற ஆர்சிசிபி ஒன்று, இண்டஸ்ட்ரியல் பிளக். இதில் பேரம் பேசாதீர்கள். லட்சக்கணக்கில் கார் வாங்கிவிட்டு வயருக்கு ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா, அழுவதா தெரியவில்லை.

எர்த்துக்கு வருகிறேன், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பியும் குழியும். என் அனுபவத்தில் அதிகம் தகராறு அங்கேதான். காரோடு வருகிற சார்ஜர் முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். இல்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், ஒரு யூனிட்கூட ஏற்றாது. கார் கோளாறு, சார்ஜர் கோளாறு என்று ஷோரூமுக்குப் போன் மேல் போன் போடுவார்கள். கடைசியில் பார்த்தால் வீட்டுக்கு எர்த் குழியே இருக்காது, அல்லது இருபது வருஷத்துக்கு முன்னால் தோண்டி, உப்பும் கரியும் போட்டு மூடிவிட்டு, அதன் மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். ஃபிரிட்ஜும் மிக்ஸியும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நம் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாளையங்கோட்டையில் பல இடத்தில் நாலடி தோண்டினால் பாறை. சித்திரை, வைகாசியில் மண் சுண்டிக் காய்ந்து கிடக்கும், காய்ந்த மண்ணில் எர்த் பிடிக்காது. கார்த்திகை மழையில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த கார் கத்திரி வெயிலில் மக்கர் பண்ணும். குழியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் அப்போதைக்குச் சரியாகிவிடும். ஆனால் வெயில் காலம் முழுக்கத் தினமும் ராத்திரி எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்கப் போவது என்ன பிழைப்பு? கெமிக்கல் எர்த் என்று ஈரத்தைப் பிடித்து வைக்கிற கலவையோடு இப்போது கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

கரண்ட் பில் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட் கூடும். ஏற்கெனவே நானூறு ஓடுகிற வீடு எழுநூறுக்குப் போகும். நம் ஊர் பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு, மேலே போகப் போக யூனிட் எட்டு, ஒன்பது என்று ஏறும். பில்லைப் பார்த்ததும் தலை சுற்றும், பெட்ரோலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பதிமூவாயிரத்தோடு வைத்துப் பார்த்தால் தெளிந்துவிடும்.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு. தெரு முழுக்க மாறினால்? நம் தெருக்களில் 100 கேவிஏ, அதாவது நூறு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்குகிற டிரான்ஸ்பார்மர் ஒன்று அறுபது, எழுபது வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் ஏசி வந்தபோதே அது முனகியது. அதில் பத்து வீட்டில் 7 கிலோவாட் பெட்டி ஒரே நேரத்தில் ஓடினால் 70 கிலோவாட், மிச்ச வீடுகள் என்ன செய்யும்? எல்லாரும் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தின கையோடு சொருகுகிறார்கள், கல்யாண வீட்டில் மொத்தக் கூட்டமும் முதல் பந்திக்கே ஓடுகிற மாதிரி. லைட், ஃபேன், டிவி, ஏசி, மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரமும் அதுதான், சோலார் படுத்துவிட்ட நேரமும் அதுதான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஏறும்படி டைமர் வைத்துவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன், அந்த வசதி பெரும்பாலான காரிலேயே இருக்கிறது. வீட்டுக்கு மீட்டர் எந்த நேரமும் ஒரே விலைக்கு ஓடுவதால் யாரும் மெனக்கெடுவதில்லை. பின்னிரவுக்கு யூனிட் ரெண்டு ரூபாய் குறைவு என்று சொல்லட்டும், மறுநாளே ஊர் மொத்தமும் டைமர் வைத்துவிடும், நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், நம் மாவட்டத்தில் காற்றுக்குக் குறைவே இல்லை. வள்ளியூரைத் தாண்டி நாகர்கோவில் ரோட்டில் போங்கள், பணகுடி, காவல்கிணறு, அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் என்று கண்ணுக்கெட்டின தூரம் காற்றாலைதான். மேற்கு மலைக் கணவாய் வழியாக மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை பிய்த்துக்கொண்டு வரும். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவியாகிவிட்டது, அதில் பெரும்பங்கு இந்தத் தெற்குச் சீமையில். ஆடி மாதத்தில் சில நேரம் வாங்கிக்கொள்ள லைன் இல்லாமல், தேவை இல்லாமல், சுற்றுகிற காற்றாலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அந்த நடுராத்திரிக் காற்றை நம் வீட்டுக் கார்கள் குடித்துக்கொள்ளலாம், குடிக்க வைக்க ஏற்பாடுதான் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் காற்று அடங்கிவிடும், அப்போது கார் ஓடுவது தூத்துக்குடி நிலக்கரியிலும்தான் என்பதையும் மறைக்க வேண்டாம். கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் பேனலே தயாராகிறது. கூரையில் மூன்று கிலோவாட் போட்டால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு பன்னிரண்டு யூனிட் வரும், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை கிடைக்கிறது. காரின் தினப்படிக்கு அது தாராளம். ரிட்டயர்டு ஆன சார்வாள்களுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது, மத்தியானம் வண்டி வீட்டில்தான் நிற்கும். ஆபீஸ் போகிறவர்கள் வண்டி அந்த நேரம் கலெக்டர் ஆபீஸ் வேப்ப மரத்தடியில் நிற்கும்.

வெளியூர்ப் பயணம் பற்றி எல்லாரும் எழுதிவிட்டதால் சுருக்கமாக. பேப்பரில் 450 என்று போட்டிருக்கும் கார், ஏசி போட்டு நான்கு வழிச் சாலையில் நூறில் போனால் முந்நூறுதான் கொடுக்கும். தென்காசி, நாகர்கோவில், தூத்துக்குடி, திருச்செந்தூர் எல்லாம் போய்விட்டு அதே சார்ஜில் திரும்பி வந்துவிடலாம். மதுரை 160 கிலோமீட்டர், போக வர கொஞ்சம் இழுபறி. சென்னை 600க்கு மேல், வழியில் ரெண்டு தடவையாவது நிறுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி, ஒரு மணி நேரம். சாதாரண நாளில் இது பெரிய விஷயமே இல்லை, எப்படியும் சாப்பிட நிற்போம். பிரச்சினை பொங்கலுக்கு முந்தின நாள். சென்னையில் இருக்கிற திருநெல்வேலிக்காரன் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் கிளம்புகிற நாள் அது. பெட்ரோல் பங்கில் பத்து வண்டி முன்னால் நின்றால் அரை மணி நேரத்தில் நம் முறை வந்துவிடும். சார்ஜரில் முன்னால் மூன்று வண்டி நின்றால் அங்கேயே பாய் விரிக்க வேண்டியதுதான். போதாததற்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்பணம். டோல் கேட்டுக்கு ஒரே ஃபாஸ்டேக் கொண்டு வரத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும், மனசு வைக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது, பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் எலெக்ட்ரிக் கார் என்ன செய்யும்? பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்று போட்டிருப்பார்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். ரெண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் நின்ற காருக்கு அந்த எழுத்து பதில் சொல்லாது. நனைந்த காரைச் சார்ஜில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கம்பெனி ஆள் பார்த்துச் சொல்லும் வரை தள்ளி நிறுத்துங்கள். பெட்ரோல் கார் மட்டும் தப்பித்ததா என்றால் இல்லை, எஞ்சினுக்குள் தண்ணீர் போய் எத்தனையோ வண்டி போயிற்று. கரண்ட் போனால் பங்கும் ஜெனரேட்டர் வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு கேன் பெட்ரோலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வண்டியை எடுத்துவிடலாம். கரண்டைக் கேனில் தூக்க முடியாது.

ரிப்பேர் விஷயம் இன்னும் ஊருக்கு வந்து சேரவில்லை. என் சொந்தக்காரர் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். ஒரு நாள் காலையில் கார் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரி முக்கால்வாசி நிறைந்துதான் இருந்தது. கதவு, திரை, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுப்புகிற சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, எல்லா காரிலும் இருப்பது, அது படுத்துவிட்டது. பெட்ரோல் கார் என்றால் நாலு பேர் தள்ளி, செகண்ட் கியரில் விட்டு எடுத்திருப்பார்கள். இதைத் தள்ளியும் பிரயோஜனமில்லை. சர்வீஸ் ஆள் மறுநாள்தான் வந்தான். "நாப்பது வருசமா வண்டி ஓட்டுதேன், என் வண்டிக்குள்ள என்னையே விடமாட்டேங்குது பாத்தியா" என்று சித்தப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூர் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள், சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார்கள். எலெக்ட்ரிக் கார் சத்தம் போடுவதில்லை. லேப்டாப் வேண்டும், கம்பெனி சாஃப்ட்வேர் வேண்டும், நானூறு வோல்ட்டைத் தொடுவதற்குப் பயிற்சியும் கையுறையும் வேண்டும். அந்தப் பயிற்சியைப் பேட்டை ஐடிஐ மாதிரி இடங்களில் படிக்கிற பையன்களுக்குப் பெரிய அளவில் கொடுக்காமல் கார் மட்டும் ஊருக்குள் வந்து குவிந்தால் ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் மதுரை வரை காத்துக் கிடக்க வேண்டும்.

விலையில் நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது, எலெக்ட்ரிக்குக்கு அதே ஐந்துதான், ஆக இடைவெளி சுருங்கிவிட்டது. பக்கத்திலேயே தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட் 4 அன்று தொழிற்சாலையைத் திறந்தது, வருஷத்துக்கு 50,000 வண்டி செய்யத் திட்டம். சந்தோஷம். பேட்டரி செல் மட்டும் இந்தியா முழுக்கப் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குதான். மோட்டாரில் இருக்கிற காந்தமும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே கம்பெனிகள் திண்டாடின. அந்தக் காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் தாதுக்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மோனசைட் மணலில் இருக்கின்றன. காலுக்கடியில் கிடப்பதைக் காந்தமாக்கும் தொழிற்சாலையை நாம் பெரிய அளவில் வளர்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

திரும்பவும் சுவருக்கே வருகிறேன். மகாராஜ நகர், பெருமாள்புரம், என்ஜிஓ காலனி மாதிரி இடங்களில் தனி வீடு, போர்டிகோ, ஓட்டம் தினம் முப்பது நாற்பது கிலோமீட்டர், வீட்டில் இன்னொரு பெட்ரோல் வண்டி இருக்கிறது என்றால் எலெக்ட்ரிக் கார் தாராளமாக வாங்கலாம், எர்த் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, லைன் கடைசியில் இருக்கிற வீட்டில் மாலை நேர வோல்டேஜ் எவ்வளவு என்று ஒரு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நூற்றெண்பதுக்குக் கீழே விழுந்தால் பல சார்ஜர் நின்றுவிடும். அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு, உங்கள் பார்க்கிங்கில் சார்ஜர் போட இணைப்புக் கேட்கலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதலே சொல்கிறது. அசோசியேஷன் கூட்டத்துக்கு அதை அச்செடுத்துக்கொண்டு போங்கள், தீப்பிடிக்கும் என்று ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார்.

மிச்சம் இருப்பது டவுன்காரர்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளிலும் அதை ஒட்டிய முடுக்குகளிலும் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், வாசல்படி இறங்கினால் தெரு. கார் வைத்திருக்கிறவர்கள் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்துகிறார்கள், ஆனித் தேர் வந்தால் அதையும் எடுக்க வேண்டும். அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கிற நண்பர் ஒருவர் நான் சொன்னது அத்தனையையும் பொறுமையாகக் கேட்டார். "நீரு சொல்றதெல்லாம் சரிதான் வே, நான் எங்க கொண்டு சொருக?" என்றார். மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு ரோட்டுக்குக் குறுக்கே இழுக்கலாமா என்று அவர் மகன் கேட்டான். கூடவே கூடாது, மழை பெய்தால் போகிற வருகிறவன் உயிருக்கு யார் பொறுப்பு? மார்க்கெட் பக்கமும் பஸ் ஸ்டாண்டு பக்கமும் மாநகராட்சி கார் நிறுத்துகிற இடங்களில் ராத்திரி முழுக்க மெதுவாக ஏறுகிற மூன்று கிலோவாட் பாயிண்டுகள் வரிசையாகப் போட்டுக் கொடுத்தால் இவர்களுக்கு வழி பிறக்கும். அதற்குப் பெரிய மிஷின் வேண்டாம், மீட்டரும் பிளக்கும் பூட்டும் போதும். அது வரும் வரைக்கும் ஸ்கூட்டரை மட்டும் எலெக்ட்ரிக்காக மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார், நடையில் அதற்குத் தனி எம்சிபி வைத்துக் கொடுத்தோம். பெட்ரோல் காரை அடுத்த எஃப்சி வரைக்கும் ஓட்டுவேன் என்கிறார், அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதாம்.